கோடு விழுந்த இருநூற்றுப் பதினான்கு பேர்

அத்தியாயம் 9

தவசிமுத்துவின் இலையில் நாலாவது புரோட்டா விழுந்தபோது, வெங்கடேஸ்வரியின் இலையில் முதல் புரோட்டா அப்படியே கிடந்தது. சால்னா ஆறிப்போய் மேலே எண்ணெய் ஏடு கட்டியிருந்தது.

"தாயி, சாப்பிடுறதுன்னா சாப்பிடுங்க. இல்லாட்டி அந்தப் புரோட்டாவையும் குற்றவாளின்னு எழுதிக் கொடுத்திருங்க. தண்டனையை நான் நிறைவேத்திடுதேன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று இலையை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு நாற்பது.

ஐந்து மணிக்குக் கம்பெனி முதலாளி வேலுசாமி காவல் நிலையத்துக்குப் போகிறார். தன்னிடம் வேலை பார்த்த முனீஸ்வரி என்ற பெண்ணின் மீது மோசடிப் புகார் கொடுக்கப் போகிறார். புகாரோடு அவர் இணைக்கப் போவது நான்கு பக்க அறிக்கை ஒன்று. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் வெங்கடேஸ்வரி. அதில் இருப்பது பொய் என்று நேற்றிலிருந்து அவளுக்குத் தெரியும்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடி அறை ஒன்றில் இருக்கிறது 'நிழல் துப்பறியும் நிலையம்'. துப்பறிபவள் வெங்கடேஸ்வரி, வயது முப்பத்தெட்டு. உதவியாளர், ஓட்டுநர், வாய் எல்லாமே ஐம்பத்திரண்டு வயது தவசிமுத்துதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே எங்காவது நிச்சயமானதா என்று விசாரிப்பதுதான் அங்கே நித்திய வேலை. அதனால்தான் போன வாரம் வேலுசாமி ஆஸ்திரேலியா என்று சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வேலுசாமியின் கம்பெனிக்குக் கடல் தாண்டிப் பழைய காகிதங்களின் படங்கள் வரும். அவற்றைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுக்க முப்பத்தெட்டுப் பெண்கள் இருந்தார்கள். இப்போது வந்துகொண்டிருந்தவை நூற்றுமுப்பது வருடத்துக்கு முந்திய வாக்காளர் பட்டியல்கள். ஆஸ்திரேலியா பிரிட்டிஷ்காரர்களின் காலனியாக இருந்தபோது காட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் பெயர்கள். பெயர், இருப்பிடம், தொழில் என்று பத்தி பத்தியாக இருக்கும். ஆட்டு ரோமம் கத்தரிப்பவன். வேலி கட்டுபவன். மாட்டுவண்டிக்காரன். கிணறு வெட்டுபவன். முதல் தடவை அதை வாசித்தபோது வெங்கடேஸ்வரி விசாரணைக்கு வந்ததையே மறந்துவிட்டாள். ஆலங்குளம் பக்கத்து வானம் பார்த்த பூமியையே யாரோ தூக்கிக்கொண்டுபோய் உலகத்தின் அந்தக் கோடியில் விரித்துவிட்டது போல இருந்தது.

கம்பெனியில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தட்டுவார்கள். ஒருத்தி ராஜபாளையத்தில், இன்னொருத்தி ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில். இரண்டையும் இயந்திரம் ஒப்பிடும். ஒருத்தி தப்புச் செய்தால் மற்றவளின் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். இருவரும் ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்ய வாய்ப்பே இல்லை என்பது வேலுசாமி எல்லோரிடமும் அடிக்கிற பெருமை.

படங்கள் கட்டுக் கட்டாக வரும்; பதினேழாவது கட்டில் அந்தப் பெருமை கவிழ்ந்தது. மெரிகல் க்ரீக் என்ற தொகுதியின் பட்டியல் அது. அந்தக் காலத்து அதிகாரி ஒருவர், செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு இழுத்துத் திருத்தி வைத்த பிரதி. நீக்கப்பட்ட பெயர்களைத் தட்டக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் முனீஸ்வரியும் தட்டியிருந்தாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடத்தியும் தட்டியிருந்தாள். கோடு விழுந்த இருநூற்றுப் பதினான்கு பேரையும், ஒருவர் விடாமல். பட்டியல் வெளியானதும் ஆஸ்திரேலியாவில் ஒரு கிழவர் தன் கொள்ளுத்தாத்தா கல்லறைக்குப் போன இரண்டு வருடம் கழித்தும் வாக்காளராக இருப்பதைக் கண்டு கொதித்தெழுந்தார். கோடு அடித்த பெயரைக் கண் உள்ள யாரும் தட்ட மாட்டார்கள், யாரோ காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே முன்னோர்களைப் புகுத்துகிறார்கள் என்று அங்கிருந்து கடிதம் வந்தது.

வெங்கடேஸ்வரி மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். மாடத்தி வேறு யாருமில்லை, முனீஸ்வரிக்கு மதினி, அண்ணன் பெண்டாட்டி. தினமும் ஒன்று பத்துக்கு இருவரும் போனில் பேசுகிறார்கள். 'கூட்டுச் சதி' என்று எழுதினாள். அந்த வார்த்தையை எழுதியபோது கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

நேற்று ஒரு மாப்பிள்ளை விஷயமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தாள். பக்கத்தில் ஒருத்தி படுக்கைப் புண்ணுக்குக் களிம்பு வாங்கிக்கொண்டே போனில் பேசினாள்: "முனீசு, உங்கம்மா இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டுச்சு. நீ அழாம வேலையத் தேடு." கடைச்சுவரில் கடிகாரம் ஒன்று பத்து காட்டியது.

தினசரிப் போன் பேச்சைச் சதியாகக் காட்டிய அறிக்கையின் மூன்றாம் பக்கம் அந்த இடத்திலேயே செத்துப்போனது.

"சதி இல்லைன்னா, ரெண்டு பேரும் ஒண்ணுபோல ஏன் தட்டினாங்க?" என்றாள் வெங்கடேஸ்வரி, கை கழுவிவிட்டு வந்த தவசிமுத்துவிடம்.

"அதை மாடத்திகிட்டயே கேக்கலாம்ல?"

"இன்னும் கேக்கலை, அண்ணாச்சி."

"இன்னும்னா?"

"ஒரு தடவகூட."

தவசிமுத்து வேனின் கதவைத் திறந்துவிட்டார். வாயை மட்டும் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருப்பது அவளுக்குத் திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார்வளாகத்துப் பக்கம் ஒரு சந்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. கதவைத் திறந்த மாடத்தி கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

"யாரு வேணும்?"

"நிழல் துப்பறியும் நிலையம்."

மாடத்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ. அந்த நாலு பக்கம் எழுதுன அம்மாவா? வாங்க. எழுதுறதுக்கு முன்னாடி வந்திருந்தா டீ போட்டுக் கொடுத்திருப்பேன். இப்பத் தண்ணிதான்."

"தண்ணியே பெருசு தாயி," என்றார் தவசிமுத்து. "எங்களுக்கு அதுக்கே தகுதி இருக்கான்னு வர்ற வழியெல்லாம் யோசனை."

மாடத்தியின் முக இறுக்கம் தளரவில்லை. ஆனாலும் பாயை விரித்தாள்.

"கம்பெனியில உங்களை யாரும் விசாரிக்கலையா?" வெங்கடேஸ்வரியின் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

"மெசேஜ் வந்துச்சு. நாளையில இருந்து வராதன்னு. அம்புட்டுதான். என்ன தப்புன்னு அவியளும் சொல்லல, நீங்களும் கேக்கல. முனீசு அழுதுக்கிட்டுச் சொல்லித்தான் எனக்கு நான் திருடின்னு தெரியும்."

வெங்கடேஸ்வரி பாயில் உட்கார்ந்தாள். பையிலிருந்து பதினேழாவது கட்டின் ஒரு பக்கத்தை எடுத்துப் பாயில் விரித்தாள். அந்தப் படங்கள் வெளியே போகக் கூடாது என்று வேலுசாமி கறாராகச் சொல்லியிருந்ததால் இதுவரை தவசிமுத்துவுக்குக்கூட அவள் காட்டியதில்லை. இன்று அதையெல்லாம் பார்க்க முடியாது.

"மாடத்தி, இந்தப் பக்கத்தைத் தட்டினது ஞாபகம் இருக்கா?"

மாடத்தி பதில் சொல்வதற்குள் தவசிமுத்து குனிந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"என்ன தாயி இது, முப்பது பேருல ஏழே பேருதான் ஓட்டுப் போட்டிருக்கான். நம்ம பூத்தா இருந்தா இந்நேரம் மைக்கு கட்டி ஆளு கூப்பிட்டிருப்போம்."

"அம்புட்டுத் தூரம் குதிரையில வரணும்ல அண்ணாச்சி," என்றாள் மாடத்தி, கஞ்சியைக் கலக்கிக்கொண்டே. "மழையாக்கூட இருந்திருக்கும். அடுத்த பக்கத்துல பன்னெண்டு பேரு வந்திருக்காக பாருங்க."

"பன்னெண்டு பரவால்ல."

வெங்கடேஸ்வரி காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்கள் இதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. உள்ளே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்தச் சதியும் செய்யவில்லை. ஆனால் ஒரே காகிதத்தை ஒரே மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு ஓட்டுப் போட்டது?" என்றாள் மெதுவாக.

"இந்தா, கோடு விழுந்திருக்குல்ல?" தவசிமுத்து விரலை வைத்துக் காட்டினார். "நீங்க ஓட்டுப் போடப் போறப்ப பாத்ததில்லையா?"

"வரிசையில நிப்பேன். மை வைப்பாங்க. வந்துருவேன்."

"அதான் பாத்தேன். பூத்துக்குள்ள ஆபீசரு நம்பரையும் பேரையும் சத்தமா வாசிப்பாரு தாயி. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு ஏஜெண்டு உக்காந்திருப்பான்ல, அவன் தன் லிஸ்டுல அந்தப் பேரைத் தேடி, ஸ்கேலு வச்சு, சர்ருனு ஒரு கோடு. ஆளு வந்து போட்டுட்டான்னு அர்த்தம். மத்தியானத்துக்கு மேல கோடு விழாத பேரா பாத்துத்தான் வீட்டுக்கு ஆட்டோ அனுப்புறது. முப்பது வருசமா எனக்கு இதான் தேர்தல்."

"அப்ப நீக்குன பேரு?"

"அதுக்கு முத்திரை இருக்கும்ல மேடம்," என்றாள் மாடத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "லிஸ்டுல பேரு மேலயே சாய்வா நீக்கம்னு அச்சடிச்சிருக்கும். நீக்குன பேரை அடிக்காதன்னு சொன்னாக. நான் ஒவ்வொரு பக்கமும் முத்திரை இருக்கான்னு பாத்தேன். ஒண்ணுகூட இல்ல. அதனால எல்லாரையும் அடிச்சேன். ஓட்டுப் போட்டவனைப் போயி எதுக்கு விடணும்?"

"நீங்க பூத் ஏஜெண்டா?"

"ரெண்டு தேர்தல் பாத்திருக்கேன். முனீசும்தான், அவ ஊருல."

"ரெண்டு பேரும் சேர்ந்தேவா?"

"சேர்ந்தா? சீ!" மாடத்தி முதல் தடவையாகச் சிரித்தாள். "அவ அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி. போன தேர்தல் முடிஞ்சு மூணு மாசம் எங்களுக்குள்ள பேச்சே இல்ல. ரெண்டு கட்சிக்கும் கோடு மட்டும்தான் ஒண்ணு."

தவசிமுத்து வெங்கடேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "கூட்டுச் சதின்னு எழுதினீக. இங்க கூட்டணியே இல்ல, பாத்துக்கிடுங்க."

உள்ளறையில் மறுபடி இருமல். மாடத்தி கிண்ணத்தோடு எழுந்து போனாள். வெங்கடேஸ்வரி பாயில் கிடந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஏழு பெயர்கள். இத்தனை நாளும் அவள் கண்ணுக்கு அவர்கள் ஏழு பிணங்கள். இந்த வீட்டில் அவர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, குதிரையைக் கட்டிவிட்டு, வரிசையில் நிற்கிறார்கள்.

*

வேன் ராஜபாளையத்தை நோக்கித் திரும்பியபோது மணி மூன்று ஐம்பத்தைந்து. கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்கள் வரிசையாக முன்னால் போய்க்கொண்டிருந்தன. ஒன்றைத் தாண்டினால் அடுத்தது நின்றது.

"வேலுசாமிகிட்ட நேராச் சொன்னா நம்புவாரா?"

"நம்ப மாட்டாரு. பதில் கெடச்ச மனுசனுக்கு வேற பதில் கொடுத்தா பிடிக்காது. உங்களையே எடுத்துக்கிடுங்க."

"குத்துங்க அண்ணாச்சி. நல்லாக் குத்துங்க."

"குத்தல தாயி, உதாரணம் சொன்னேன்." அவர் ஹாரனை அழுத்தினார். "அதுவும் அவரு சாதாரண ஆளா? பதினஞ்சு வருசமா வார்டுல பூத் கமிட்டிக்கே பொறுப்பு. அவரு கட்சி அங்க ஜெயிச்சதில்ல. ஆனா அவரு கோடு போடாம விட்டதும் இல்ல."

வெங்கடேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவர் இந்தப் பக்கங்களைப் பார்த்திருக்காரா?"

"அவரு எங்க பாக்காரு? இத்தனை பேரு கூடுதல்னு மெயிலு வந்துச்சு, உங்களைக் கூப்பிட்டாரு."

"அப்போ அவரையே வாசிக்க வைப்போம். ஆனா ஒண்ணு. உள்ள போனதும் நீங்க வாயே திறக்கக் கூடாது."

"அது சட்டவிரோதம்."

"நிஜமாத்தான். கேள்வியிலயே பதிலை வச்சுக் கொடுக்கக் கூடாது. அந்தத் தப்பை ஏற்கெனவே ஒரு தடவ செஞ்சாச்சு."

முன்னால் பஸ் நகர்ந்தது. ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை கண்ணுக்குத் தெரிந்தபோது மணி நாலரை.

*

கீழே பேண்டேஜ் துணிக் கிட்டங்கி, மேலே வேலுசாமியின் கம்பெனி. மாடிப்படியின் நடுவில் முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை. ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வரச் சொல்லியிருந்தார்களாம். மூன்று மணிக்கே வந்துவிட்டாள். வெங்கடேஸ்வரியைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்த ஒதுங்கல் படி ஏறுகிறவளின் காலில் கல்லைக் கட்டியது.

வேலுசாமி வெள்ளைச் சட்டையில் தயாராக இருந்தார். மேஜையில் புகார் மனு, அதன் மேல் நான்கு பக்க அறிக்கை.

"வாங்க வாங்க. போலாமா?"

வெங்கடேஸ்வரி செல்போனில் ஒலிப்பதிவை அழுத்தி மேஜையில் வைத்தாள். பிறகு அந்த ஒற்றைப் பக்கத்தை அவர் முன்னால் விரித்தாள். "ஒரு நிமிஷம் இதைப் பாருங்க சார்."

"என்ன இது?"

"பாருங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

தவசிமுத்து உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

வேலுசாமி கண்ணாடியைப் போட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எடுத்தது அவருக்கே தெரியாது. பேனா முனை பக்கத்தின் ஓரமாக மேலிருந்து கீழே இறங்கியது. உதடுகள் அசைந்தன. "நாலு... அஞ்சு... ஏழு. முப்பதுக்கு ஏழு." முகத்தைச் சுளித்தார். "மகா மட்டமான பூத்து. மத்தியானம் வரைக்கும் தூங்குனானா? யாரு இதுக்கு ஏஜெண்டு?"

வெங்கடேஸ்வரி பெயர்ப் பத்தியில் விரலை வைத்தாள்.

வேலுசாமி பெயர்களை இப்போதுதான் படித்தார். ஆங்கிலப் பெயர்கள். பேனா காகிதத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"இது... பதினேழாவது கட்டா?"

"ஆமா சார். கோடு விழுந்தவங்க ஓட்டுப் போட்டவங்க இல்ல. செத்தவங்க."

அவர் மெள்ள எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஐந்து வயது கூடியிருந்தது. இப்போது வருத்தப்பட்டு முனீஸ்வரியைக் கூப்பிடுவார் என்று வெங்கடேஸ்வரி எதிர்பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இதை வெளிய சொல்லாதீங்க."

"சார்?"

"தெரியாமச் செஞ்ச தப்புன்னு நான் எழுதினா, உனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியலைன்னு அவிய ஒப்பந்தத்தை முடிச்சிருவாக. முப்பத்தெட்டுப் பேரு வீட்டுக்குப் போகணும். மோசடின்னா கதை வேற. செஞ்சவளுகளைப் பிடிச்சுட்டேன், நீக்கிட்டேன்னு சொல்லலாம். ரெண்டு பேரு போனா முப்பத்தாறு பேரு பொழைப்பாக. நீங்க எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். உங்க பேருக்கும் கெடுதல் இல்ல."

வெங்கடேஸ்வரிக்கு அந்த ஒரு கணம் அது நியாயமாகவே பட்டது. நிழல் துப்பறியும் நிலையம் தப்புச் செய்தது என்று யாருக்கும் தெரியாது. அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா எழுந்து போனால் போதும். பிற்பாடு நெடுநாள் அவளை உறுத்தியது வேலுசாமி கேட்டது அல்ல. பதில் சொல்ல அவளுக்கு அத்தனை நேரம் பிடித்ததுதான்.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சார்," என்றாள். "மத்த முப்பத்தாறு பேருல எத்தனை பேர் பூத்துல உட்கார்ந்தவங்க?"

வேலுசாமி யோசித்தார். "பத்துப் பதினஞ்சு பேரு இருப்பாக. நாந்தான் உக்கார வச்சேன்."

"அடுத்த கட்டுலயும் கோடு போட்ட பட்டியல் வந்தா?"

வேலுசாமி பேனாவை மூடினார்.

"முனீஸ்வரியை ஜெயில்ல போட்டாலும் அடுத்த மாசம் வேற ஒருத்தி இதையே செய்வா. அன்னைக்கு யாரைப் பிடிச்சுக் கொடுப்பீங்க? இப்பச் சொன்னா இது ஒரு கட்டு. நாளைக்குன்னா எல்லாக் கட்டும்."

தவசிமுத்துவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மேடம் பேசக்கூடாதுன்னாக. ஒரே ஒரு வார்த்தை முதலாளி. இப்படியே விட்டா அடுத்த மாசம் ஆஸ்திரேலியாவுல சுடுகாடே எந்திரிச்சு வரிசையில நிக்கும்."

வேலுசாமி சிரிக்கவில்லை. ஆனால் புகார் மனுவை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கிழிங்க சார்."

"நாளைக்குக் கிழிக்கேன்."

"நீங்க ஏழு ஓட்டு எண்ணினது இந்தப் போன்ல இருக்கு. ஆஸ்திரேலியாவுக்கு நானே எழுதி, இதையும் சேர்த்து அனுப்புவேன். என் அறிக்கை தப்புன்னு முதல் வரியிலயே போட்டுத்தான். நீங்களும் எழுதினா ரெண்டு கடிதமும் ஒண்ணாப் போகும்."

வேலுசாமி செல்போனைப் பார்த்தார். பிறகு மனுவை வெளியே எடுத்துக் கிழித்தார். அதன் கூடவே அந்த நான்கு பக்கங்களையும் வெங்கடேஸ்வரி வாங்கித் தானே கிழித்தாள். கூட்டுச் சதி என்ற வார்த்தை சரியாக நடுவில் இரண்டாகப் போனது.

*

முனீஸ்வரி அழவில்லை. வெங்கடேஸ்வரி படிக்கட்டில் அவளுக்கு ஒரு படி கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கோடு என்றால் அந்த ஊரில் என்ன, பூத்தில் என்ன. அவளுக்கும் மதினிக்கும் பழையபடி வேலை உண்டு என்று வேலுசாமி ஒத்துக்கொண்டுவிட்டார். மன்னித்துக்கொள்ள வேண்டும். மனப்பாடம் செய்ததைப் போல அவசரமாகச் சொல்லி முடித்தாள்.

"அப்ப கோடு விழுந்தவுக எல்லாரும் செத்துட்டாகளா மேடம்?"

"செத்தவங்க, இல்லைன்னா ஊரைவிட்டே போனவங்க."

முனீஸ்வரி பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "கிணறு வெட்டுறவரு ஒருத்தரு இருந்தாரு. ஹாலோரன்னு பேரு. அந்தப் பட்டியல்லயே கடைக்கோடி ஊரு அவருக்கு. இம்புட்டுத் தூரம் வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயிருக்காரேன்னு நெனச்சேன். எனக்கு அன்னைக்கு ஒரு மாதிரி சந்தோஷமா இருந்துச்சு."

எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"முதலாளி அந்த இருநூத்திப் பதினாலையும் எடுக்கணும்னு சொல்லுவாரு. இன்னைக்கே எடுத்துடுதேன்." இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வெங்கடேஸ்வரிக்கு லேசாக இருந்திருக்கும். "நீங்க கேட்டன்னைக்கே நான் சொன்னேனே மேடம்."

"என்ன சொன்னீங்க?"

"சொன்னேன். நீங்க சத்தமாப் பேசிக்கிட்டு இருந்தீக."

மேலே போய்விட்டாள்.

வேனில் உட்கார்ந்து வெங்கடேஸ்வரி செல்போனைத் துழாவினாள். வேலுசாமியின் பதிவுக்குக் கீழே, போன புதன்கிழமையின் பதிவு. அறிக்கை எழுதும்போது இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். இப்போது காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள்.

முதலில் அவள் குரல்தான். கணீரென்று, நிச்சயமாக. "கோடு அடிச்ச பேரை எதுக்குத் தட்டின? பதில் சொல்லு. சரி, அதை விடு. மாடத்தி உனக்கு என்ன வேணும்? தினமும் அவகூட என்ன பேசுற? சொல்லும்மா, எனக்கு எல்லாம் தெரியும்."

அந்தக் குரலுக்கு அடியில், மின்விசிறிச் சத்தத்தோடு சத்தமாக, இன்னொரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய குரல். மேலே இருந்த குரல் ஒரு தடவை மூச்சு வாங்கிய இடைவெளியில் அது தெளிவாக வெளியே வந்தது.

"...அவிய ஓட்டுப் போட்டவுக மேடம். கோடு விழுந்தா ஓட்டுப் போட்டாச்சுன்னுதான..."

பிறகு மறுபடியும் அவள் குரல் அதை மூடிவிட்டது.

வெங்கடேஸ்வரி மூன்று தடவை கேட்டாள். தவசிமுத்து சாவியைத் திருகவில்லை. கிட்டங்கியிலிருந்து பேண்டேஜ் துணிக் கட்டுகளை யாரோ லாரியில் எறிந்துகொண்டிருந்தார்கள். தொப், தொப் என்று விழுந்தன.

"செத்த நேரம் இருங்க அண்ணாச்சி."

"எம்புட்டு நேரம்னாலும் இருக்கேன் தாயி. போயிட்டு வாங்க."

அவள் மறுபடி படி ஏறினாள். கூடத்தில் மற்ற பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் முனீஸ்வரி. திரையில் சிவப்புக் கோடுகள். ஒவ்வொரு பெயராக நிறுத்தி, வாசித்து, நீக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"முனீஸ்வரி," என்றாள் வெங்கடேஸ்வரி. "அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க சொன்ன பதிலை மறுபடி சொல்றீங்களா? முழுசா."

முனீஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு பெயரின் மேல் விரல் நின்றது. கிணறு வெட்டுபவன் என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீக்கும் பொத்தானை அழுத்தினாள்.

"இருங்க மேடம். இன்னும் நூத்தி எண்பது பேரு பாக்கி. முடிச்சுட்டுச் சொல்லுதேன்."

வெங்கடேஸ்வரி அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை.